மும்பை மில் தொழிலாளிக்கு வீடு: விதி 58 என்ன சொன்னது?

மும்பையில் மூடப்பட்ட பஞ்சாலைகளில் 1982 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ வேலை பார்த்த தொழிலாளிகள், அரசு தரும் வீட்டுக்குத் தகுதியானவர்கள். தொழிலாளி இறந்திருந்தால் அவருடைய வாரிசுக்கு அந்தத் தகுதி உண்டு. எத்தனை மில்லில் வேலை பார்த்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வீடுதான்.

அது ஏன் அந்தத் தேதி? 1982 ஜனவரி 18-இல் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அதில் பல்லாயிரம் பேருக்கு வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை. வேலைநிறுத்தத்துக்கு முந்தைய தேதியை வைத்ததால்தான் அவர்களும் கணக்கில் வருகிறார்கள்.

சரி, வீடு கட்ட நிலம் எங்கிருந்து வருகிறது? பரேல், லால்பாக், ஒர்லி என்று நகரத்தின் நடுவே இருந்த மில் நிலங்களிலிருந்துதான். 1991-இல் வந்த வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58-இன்படி, முதலாளி மில் நிலத்தில் புதிதாகக் கட்டடம் எழுப்ப வேண்டுமானால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மாநகராட்சிக்கும், இன்னொரு மூன்றில் ஒரு பங்கை வீட்டுவசதி வாரியமான மகாடாவுக்கும் கொடுக்க வேண்டியிருந்தது.

2001-இல் இந்த விதியைத் திருத்தினார்கள். பங்கு பிரிப்பது மொத்த நிலத்தில் அல்ல, ஏற்கெனவே காலியாகக் கிடந்த இடத்தில் மட்டும் என்றானது. 30 ஏக்கர் மில்லில் 24 ஏக்கரில் கட்டடங்கள் நின்றதாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய கணக்கில் மகாடாவுக்குப் பத்து ஏக்கர் அளவில் வந்திருக்கும். புதிய கணக்கில் மிச்சமுள்ள 6 ஏக்கரில்தான் பங்கு, அதாவது இரண்டு ஏக்கர். கட்டடத்தை இடித்த பிறகு காலியாகும் இடமும் கணக்கில் சேராது. திருத்தத்தை எதிர்த்துப் போட்ட வழக்கில் மும்பை உயர்நீதிமன்றம் 2005-இல் பொதுமக்கள் பக்கம் நின்றது. 2006-இல் உச்சநீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. என்னைக் கேட்டால், தொழிலாளி வீட்டை இழந்தது அந்த ஒரு திருத்தத்தில்தான்.

அதன் விளைவு வீடு ஒதுக்கும் குலுக்கலில் தெரிகிறது. விண்ணப்பித்தவர்கள் ஒன்றரை லட்சத்தை ஒட்டி. 2012-இல் குலுக்கலுக்கு வந்தவை 6,925 வீடுகள். வீடு இலவசமும் அல்ல. அரசு நிர்ணயித்த விலையைக் கட்ட வேண்டும். 2020 குலுக்கலில் அது ஒன்பதரை லட்சம் ரூபாய்.

குலுக்கலில் பெயர் வந்தால் மட்டும் போதாது, மில்லில் வேலை பார்த்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். மில்லே இடிக்கப்பட்ட பிறகு அங்கே போய்ச் சான்றிதழ் கேட்க முடியுமா? அதனால் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் டிக்கெட் எண் (மில்லில் தொழிலாளிக்குத் தந்த எண்) உள்ள அட்டை, சம்பளச் சீட்டு, ஈஎஸ்ஐ எண், பிஎஃப் எண், பணிக்கொடைத் தாள் எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.