'ரசிகர்கள் கொந்தளிப்பு' என்றால் எந்த ரசிகர்கள்?

பழைய அறிவியல் புனைவுப் படம் ஒன்றை ரீபூட் செய்யப்போவதாக, அதாவது புது நடிகர்களோடு புதிதாகத் தொடங்கப்போவதாக, அறிவிப்பு வரும். நடிகர் பட்டியல் வெளியான ஒரு மணி நேரத்தில் "ரசிகர்கள் கொந்தளிப்பு" என்ற தலைப்பும் வந்துவிடும். உள்ளே போய்ப் பார்த்தால் நாலு ட்வீட் இருக்கும். அதில் இரண்டு, ஐம்பது பேர்கூடப் பின்தொடராத கணக்குகளில் இருந்து வந்தவை. அதைத் தமிழில் எடுத்துப் போடும் சினிமாப் பக்கங்கள் அந்த நாலையும்கூடப் பார்ப்பதில்லை. தலைப்பு மட்டும் மொழி மாறி வந்து சேர்கிறது.

கோபமே இல்லை என்று சொல்ல வரவில்லை. உண்டு, பல நேரம் நியாயமாகவே உண்டு. ஆனால் பழைய முகத்தை மறக்க முடியாதவர், ட்ரெய்லர் பிடிக்காதவர், தன் இனத்து ஆளுக்கு வாய்ப்பு போனதே என்று நொந்தவர், பெண்ணோ கறுப்பினத்தவரோ அந்த வேடத்தில் வருவதே பிடிக்காதவர், கோபத்தை வீடியோவாக்கிக் காசு பார்ப்பவர் என்று எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டி எடை போட்டால் எதுவும் விளங்காது. காஸ்டிங் (நடிகர் தேர்வு) பற்றிய சலசலப்பைப் படிக்கத் தெரிந்துகொள்வது என்பது அந்த மூட்டையை அவிழ்க்கத் தெரிந்துகொள்வதுதான்.

ஒரே இயக்குநர், ஒரே ரசிகர்கள், இரண்டு விளைவுகள்

2009-இல் வந்த ஸ்டார் ட்ரெக்கை எடுத்துக்கொள்வோம். 1966-இல் தொலைக்காட்சியில் தொடங்கிய தொடர் அது. கேப்டன் கிர்க் என்றால் வில்லியம் ஷாட்னர், ஸ்பாக் என்றால் லியனார்ட் நிமாய். 1979 முதல் 1991 வரை வந்த ஆறு படங்களிலும் அதே முகங்கள். அப்படிப்பட்ட வேடத்தை வேறொருவருக்குக் கொடுப்பது, வீட்டுக்குள் புது ஆளைக் கூட்டிவந்து "இனி இவர்தான் உங்கள் மாமா" என்பது மாதிரி.

இயக்குநர் ஜே.ஜே. ஏப்ரம்ஸின் குழு இதை யோசித்தே இறங்கியது. இளம் ஸ்பாக்காக யார் வரலாம் என்பதில் நிமாயின் சம்மதத்தைப் பெற்றார்கள். 2007 ஜூலையில் சான் டியேகோ காமிக்-கான் ரசிகர் மாநாட்டில் ஸக்கரி குவின்டோவின் பெயரை அறிவித்தபோது நிமாயும் உடனிருந்தார். கதைக்குள்ளேயும் ஒரு வாசல் வைத்தார்கள்: எதிர்காலத்தில் இருந்து வரும் வில்லன் நீரோவின் விண்கப்பல் 2233-இல் கெல்வின் என்ற கப்பலை அழிக்கிறது, அந்த நொடியில் காலக்கோடு கிளை பிரிகிறது. ஆக, ரசிகர் பார்த்து வளர்ந்த பழைய கதை எதுவும் அழிக்கப்படவில்லை. அது தன் தடத்தில் அப்படியே இருக்கிறது. நிமாயே முதிய ஸ்பாக்காகப் படத்துக்குள் வந்து புதியவர்களைச் சந்திக்கிறார். "ஏன் முகம் மாறியது" என்ற கேள்விக்குத் திரைக்கதையே பதில் சொல்லிவிட்டது. விளம்பரத்தால் இதைச் செய்திருக்க முடியாது.

முதலில் யாருக்குக் காட்டுவது என்பதிலும் கணக்கு இருந்தது. 2009 ஏப்ரல் 6 அன்று டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில், 1982-இன் 'தி ராத் ஆஃப் கான்' திரையிடல் என்று சொல்லி ரசிகர்களைக் கூட்டினார்கள். சில நிமிடங்களில் பிலிம் எரிந்ததுபோலக் காட்சி நின்றது. நிமாய் முன்னால் வந்து, புதுப்படத்தையே பார்க்கிறீர்களா என்று கேட்டார். சிட்னி ஆபரா ஹவுஸில் அதிகாரபூர்வ முதல் காட்சி மறுநாள்தான். கடுமையாக விமர்சிக்கக்கூடியவர்களே முதல் பந்தியில் உட்காரவைக்கப்பட்டார்கள்.

விண்கப்பலை ஓட்டும் சுலுவின் வேடத்தில் வேறொரு சிக்கல். ஒரிஜினலில் நடித்த ஜார்ஜ் டகேய் ஜப்பானிய அமெரிக்கர். புதிதாக வந்த ஜான் சோ கொரிய அமெரிக்கர். இது சரிதானா என்ற தயக்கம் சோவுக்கே இருந்து, டகேயிடம் பேசினார். சுலு ஒரு நாட்டுக்கு மட்டும் உரியவன் அல்ல, ஆசியா முழுமைக்குமான ஆளாகவே தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி அவனைப் படைத்தார் என்பது டகேய் தந்த விளக்கம். பெயரே சுலு கடலில் இருந்து எடுத்ததுதான். ஆனால் மூத்தவரின் ஆசி நிரந்தரக் காப்பீடு ஆகாது. 2016 படத்தில் சுலுவை ஒருபாலீர்ப்பாளனாகக் காட்டியபோது, தானும் ஒருபாலீர்ப்பாளரான டகேய், அது ராடன்பெரியின் படைப்பைத் திரிப்பதாகச் சொல்லி ஏற்க மறுத்தார்.

இப்போது 2013-க்கு வருவோம். அதே ஏப்ரம்ஸ், அதே நடிகர் குழு, படம் 'ஸ்டார் ட்ரெக் இன்டு டார்க்னஸ்'. வில்லன் பெனடிக்ட் கம்பர்பேட்ச். பாத்திரத்தின் பெயர் ஜான் ஹாரிசன் என்று அறிவித்தார்கள். இல்லை, அவன் 1982 படத்தின் வில்லன் கான்தான் என்று ரசிகர்கள் முதலிலேயே ஊகித்தார்கள். படக்குழு மறுத்தது, ஸ்காட்டியாக நடித்த சைமன் பெக் பேட்டியிலேயே மறுத்தார். படம் வந்தது. அவன் கான்தான்.

கான் நூனியன் சிங் என்பது முழுப்பெயர். 1967-இல் வந்த அத்தியாயத்தில் அவனை முதன்முதலாகப் பார்க்கும் கப்பலின் வரலாற்றாளர், வட இந்தியப் பகுதிக்காரன், அநேகமாகச் சீக்கியன் என்று ஊகிக்கிறார். அந்த வேடத்தில் அன்றும் இந்தியர் நடிக்கவில்லை. மெக்சிகோவில் பிறந்த ரிகார்டோ மொன்டால்பான்தான் 1967-இலும் 1982-இலும் நடித்தார். ஆனாலும் மாநிறத்து ஆளாக மனதில் பதிந்த ஒருவன் வெள்ளைக்கார ஆங்கிலேயனாக வந்து நின்றான். 2009-இல் முக மாற்றத்துக்குக் கதை காரணம் சொன்னது. 2013-இல் படத்துக்குள் ஒரு வரிகூட இல்லை. அறுவைச் சிகிச்சையால் தோற்றம் மாற்றப்பட்டது என்ற விளக்கம் பின்னால் காமிக்ஸில்தான் வந்தது. படம் பார்த்தவரிடம் போய் "காமிக்ஸ் படி" என்றால் யார் கேட்பார்கள்?

ஆக அந்தக் கோபத்தில் இரண்டு இழை. ஒன்று நிறம், அடையாளம் பற்றியது. மற்றது பொய் சொன்னார்களே என்பது. இரண்டாவதைத் தவிர்த்திருக்கலாம், அவன் யார் என்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அதே ஆண்டு இறுதியில் ஏப்ரம்ஸே ஒப்புக்கொண்டார். பழைய படங்களைத் தெரிந்தவர்களுக்கான படம் என்று புதியவர்கள் ஒதுங்கிவிடுவார்களோ என்ற ஸ்டுடியோவின் பயம்தான் அந்த ரகசியத்துக்குக் காரணம்.

2013 ஆகஸ்டில் லாஸ் வேகஸ் ஸ்டார் ட்ரெக் மாநாட்டுக்கு வந்த ரசிகர்கள், அதுவரை வந்த ஸ்டார் ட்ரெக் படங்களிலேயே மோசமானது இதுதான் என்று வரிசைப்படுத்தினார்கள். அதே படத்துக்கு, அமெரிக்கத் திரையரங்க வாசலில் அட்டை கொடுத்து மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோர் 'ஏ' தந்தது. 2009 படத்துக்குக் கிடைத்ததும் அதே 'ஏ'தான். இரண்டும் பொய்யில்லை. கேட்கப்பட்ட ஆட்கள் வேறு. உலக வசூல் 38.6 கோடி டாலரில் இருந்து 46.7 கோடிக்கு ஏறியது. அமெரிக்க வசூலோ 25.8 கோடியில் இருந்து 22.9 கோடிக்கு இறங்கியது. "ரசிகர்கள் நிராகரித்தார்கள்", "ரசிகர்கள் கொண்டாடினார்கள்" என்ற இரண்டு தலைப்புக்கும் ஒரே படத்தில் ஆதாரம் கிடைக்கும்.

கோஸ்ட்பஸ்டர்ஸ்: மூட்டை கட்டியவர்கள்

பேய் பிடிப்பவர்களைப் பற்றிய 1984 படத்தின் ரீபூட்டான 2016 கோஸ்ட்பஸ்டர்ஸில் நான்கு நாயகர்களுக்குப் பதில் நான்கு நாயகிகள். அந்த ஆண்டு மார்ச் 3 அன்று ட்ரெய்லர் வந்தது. சில வாரங்களில், யூடியூபில் அதுவரை மிக அதிக 'டிஸ்லைக்' வாங்கிய பட ட்ரெய்லர் என்ற பெயரெடுத்தது. பெண்களை நடிக்க வைத்ததற்கே வசைபாடியவர்கள் அதில் ஏராளம், சந்தேகமில்லை. ஆனால் ட்ரெய்லரிலும் கோளாறு இருந்தது. "30 ஆண்டுகளுக்கு முன் நான்கு விஞ்ஞானிகள் நியூயார்க்கைக் காப்பாற்றினார்கள்" என்று அது தொடங்கியது. படமோ பழைய கதையோடு தொடர்பில்லாத ரீபூட். தொடர்ச்சியா, புதுத் தொடக்கமா என்று பார்த்தவர் குழம்பினார். பெண் நடிகர்களை வரவேற்றவர்களிடமிருந்தே இன்னொரு குறை வந்தது: மூன்று வெள்ளைக்காரப் பெண்கள் விஞ்ஞானிகள், கறுப்பினத்தவரான லெஸ்லி ஜோன்ஸ் மட்டும் சுரங்க ரயில் ஊழியரா? இந்த மூன்று குரலும் 'டிஸ்லைக்' பொத்தானில் ஒரே எண்ணாகிவிடுகின்றன.

பார்வையாளர்கள் படங்களுக்கு மதிப்பெண் போடும் தளமான ஐஎம்டிபியில் நடந்தது இன்னும் துலக்கம். பிரிட்டனில் ஜூலை 11, அமெரிக்காவில் ஜூலை 15 வெளியீடு. அமெரிக்க வெளியீட்டுக்கு முன்பே 12,000-க்கும் மேற்பட்ட மதிப்பெண்கள் குவிந்துவிட்டன. அப்போது ஆண், பெண் வாரியாகவும் சராசரி காட்டுவார்கள்: ஆண்களுடையது 4-க்குக் கீழே, பெண்களுடையது 7-க்கு மேலே. ஒரே படத்துக்கு இப்படி ரசனை பிளக்காது. பலர் படத்தைப் பார்க்காமலே ஒரு கட்சிக்கு வாக்குப் போட்டிருக்கிறார்கள், இரு பக்கமும்.

ஜூலை 18 அன்று லெஸ்லி ஜோன்ஸ் நிறவெறி வசை தாங்காமல் ட்விட்டரில் இருந்து விலகினார், சில நாளில் திரும்பினார். இதைக் 'காஸ்டிங் விமர்சனம்' என்ற கணக்கில் சேர்ப்பதே அநியாயம். விமர்சனம் வேடத்தைப் பற்றியது. ஆளைக் குரங்கென்று திட்டுவது வேறு சாதி.

கோபத்தில் எவ்வளவு ரசிகருடையது என்று அளந்து பார்த்தவர்களும் உண்டு. ஆய்வாளர் மார்ட்டன் பே, ஸ்டார் வார்ஸ் வரிசையின் 'தி லாஸ்ட் ஜெடை' இயக்குநர் ரையன் ஜான்சனுக்கு அனுப்பப்பட்ட 967 ட்வீட்டுகளை ஆராய்ந்து 2018-இல் முடிவை வெளியிட்டார். எதிர்மறையானவை ஐந்தில் ஒன்றுக்குச் சற்று அதிகம். அவற்றிலும் பாதிக்குமேல் பாட்கள் (தானியங்கிக் கணக்குகள்), வம்புக் கணக்குகள், அரசியல் நோக்கத்தோடு எழுதியவர்கள். ஒரு கணக்குக்கு வந்த ட்வீட்டுகள்தான், எல்லா ரசிகர்களுக்கும் இதை நீட்டக்கூடாது. ஆனால் அந்தப் படத்தைப் பிடிக்காத உண்மையான ரசிகர்களும் மீதிப் பாதியில் இருந்தார்கள் என்பதையும் அதே ஆய்வுதான் காட்டுகிறது.

எண்ணைப் படிக்கும் முறை

ஐஎம்டிபியில் மேலே தெரியும் மதிப்பெண் நேரடிச் சராசரி இல்லை, எடையிட்டுக் கணக்கிட்டது. அதைத் தொட்டு உள்ளே போய் 1 முதல் 10 வரையான பட்டைகளைப் பாருங்கள். சாதாரணப் படத்துக்கு 6, 7, 8 பக்கம் மேடு இருக்கும். 1-இலும் 10-இலும் இரண்டு கொம்பு முளைத்து நடுவே பள்ளம் விழுந்திருந்தால் அங்கே சண்டை நடக்கிறது. அந்தச் சராசரியை மேற்கோள் காட்டாதீர்கள். வழக்கத்துக்கு மாறான வாக்களிப்பு கண்டறியப்பட்டதாக அந்தத் தளமே சில படங்களில் குறிப்புப் போடுகிறது.

விமர்சனங்களைத் தொகுக்கும் தளமான ராட்டன் டொமேட்டோஸில் 74% என்றால் நூற்றுக்கு எழுபத்துநாலு மார்க் என்று பலர் எழுதுகிறார்கள். இல்லை. நூறு விமர்சகரில் 74 பேர் 'பரவாயில்லை' அல்லது அதற்கு மேல் சொன்னார்கள் என்று பொருள். அங்கே ரசிகர் மதிப்பெண்ணைப் பார்க்கும்போது, டிக்கெட் வாங்கியது உறுதி செய்யப்பட்டவர்களுடையதா என்று கவனியுங்கள். 2019 மே மாதம் முதல்தான் அந்தப் பிரிப்பு உண்டு. அதற்கு முந்தைய படங்களுக்குப் பார்த்தவர், பார்க்காதவர் எல்லாம் கலந்துதான். அதே ஆண்டு பிப்ரவரியில், வெளிவராத படத்துக்கு 'பார்க்க விருப்பம்' என்று காட்டிய சதவீதத்தையும் எடுத்துவிட்டார்கள்.

யூடியூப் 2021 நவம்பரில் டிஸ்லைக் எண்ணை மறைத்துவிட்டது. அதை வெளியிட்டவருக்கு மட்டுமே எண் தெரியும். அதன் பிறகான வீடியோவுக்கு வேறு யாராவது டிஸ்லைக் ஸ்கிரீன்ஷாட் போட்டால், பெரும்பாலும் அது பிரவுசர் நீட்சி போட்ட உத்தேசக் கணக்கு.

எங்கள் வேலையில் அதிகம் நம்புவது வேறொன்றை: அமெரிக்க மொத்த வசூலை முதல் வார இறுதி வசூலால் வகுத்துக் கிடைக்கும் பெருக்கம். காஸ்டிங் பிடிக்காதவர் தியேட்டருக்கே வரமாட்டார். அந்தச் சேதம் முதல் மூன்று நாளில் தெரியும். வந்தவருக்குப் படம் பிடிக்காவிட்டால் அடுத்த வாரங்கள் சரியும், பெருக்கம் சுருங்கும். 2009 ஸ்டார் ட்ரெக்குக்குச் சுமார் 3.4. கோஸ்ட்பஸ்டர்ஸுக்கு 2.8, சினிமாஸ்கோர் 'பி பிளஸ்'. பார்த்தவர்கள் வெறுக்கவும் இல்லை, ஊரைக் கூட்டவும் இல்லை. 14.4 கோடி டாலரில் எடுத்த படத்துக்கு உலகமெங்கும் சுமார் 23 கோடி போதவில்லை என்பதே அதன் கதை.

விளம்பரக் குழுவில் இருப்பவர்களுக்குச் சில. பட்டியல் அறிவிக்கும் முன்பே நடிகரின் கணக்குகளில் வசைச்சொல் வடிகட்டியைப் போட்டுவிடுங்கள். அறிவித்த பிறகு போடுவது வெள்ளம் வந்தபின் கரை கட்டுவது. மிரட்டல் வந்தால் அந்தப் பதிவின் இணைய முகவரியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே தடை செய்யுங்கள். அழிக்கப்பட்ட பதிவைக் காட்டிப் புகார் கொடுப்பது கடினம். வசைபாடியவர்களுக்குப் பதில் சொல்லும் அறிக்கையில் குறை சொன்ன எல்லோரையும் இழுக்காதீர்கள். ட்ரெய்லர் குழப்புகிறது என்றவரும் தன்னை வெறியர் பட்டியலில் பார்ப்பார். பாத்திரத்தின் அடையாளத்தை மறைத்தே ஆகவேண்டும் என்றால் மௌனமாக இருங்கள். மறுப்பு அறிக்கை வேண்டாம்.

கடைசியாக ஒரு படம். 2015-இன் ஃபென்டாஸ்டிக் ஃபோரில், காமிக்ஸில் வெள்ளையனான ஜானி ஸ்டார்மாக மைக்கேல் பி. ஜோர்டன் நடித்ததற்குக் கடும் எதிர்ப்பு. படம் விழுந்தது. காஸ்டிங்தான் காரணம் என்று இன்றும் எழுதுகிறார்கள். சினிமாஸ்கோர் 'சி மைனஸ்', பெருக்கம் 2.2: வந்து பார்த்தவர்களே கைவிட்ட படம் அது. அதே ஆண்டு நவம்பரில் அதே ஜோர்டன், இன்னொரு பழைய வரிசையான ராக்கியின் 'க்ரீட்' படத்தில் அப்பல்லோ க்ரீடின் மகனாக, புதுப் பாத்திரமாக, வந்தார். சினிமாஸ்கோர் 'ஏ', பெருக்கம் 3.7.