நாக்கு எட்டாத சீவாளி

நாகஸ்வரத்தில் ஒரே சுரத்தை அடுத்தடுத்து இருமுறை ஒலிக்க, நாவால் காற்றை ஒரு கணம் தடுத்தால் போதும். ஸ்காட்லாந்தின் ஹைலண்ட் பேக்பைப்பில் அது நடக்காது. அங்கே சீவாளி, அதாவது காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய தகடு, தோல்பையோடு குழல் சேரும் மரப்பொருத்துக்குள் ஒளிந்திருக்கிறது; உதடும் நாக்கும் அதை எட்டவே முடியாது. ஸ்காட்லாந்தில் கேலிக் மொழி பேசும் மக்களின் குழலிசை அப்படி ஒலிப்பதற்கு இந்தச் சங்கடமே பெரும் காரணம் என்பேன்.

பை ஒரு துருத்திதான். ஊதுகுழாயின் அடியில் ஒருவழி அடைப்பு உண்டு. ஊதினால் திறக்கும், மூச்சு வாங்கும்போது பைக்குள் இருக்கும் காற்றே அதை மூடிவிடும். அந்த நேரத்தில் கை பையை அமுக்கிக் காற்றழுத்தத்தைக் காக்க வேண்டும். சொல்ல எளிது. ஊதலிலிருந்து அமுக்கலுக்கு மாறும்போது அழுத்தம் தளர்ந்தால் சுருதி நெளிந்து ஊருக்கே தெரிந்துவிடும்.

தோளில் சாயும் மூன்று குழாய்கள் ஒத்து ஊதுபவை, அதாவது ஒரே சுரத்தை விடாமல் ஒலிப்பவை. பாட்டுக்குழலின் ஆதார சுரம் 480 ஹெர்ட்ஸ் என்றால், இரண்டு குழாய்கள் 240இலும் பெரியது 120இலும் நிற்கும். அந்த இரண்டில் ஒன்று 241க்கு நழுவினால், நொடிக்கு ஒருமுறை ஒலி வீங்கி வடியும். குழாயின் மேல்துண்டை இழுத்தும் தள்ளியும் அந்த அலை அடங்கும்வரை சுருதி சேர்ப்பார்கள்.

பாட்டுக்குழலில் ஒன்பதே சுரங்கள். இடையில் மௌனம் கிடையாது; ஓங்கியோ தணிந்தோ வாசிக்கவும் வழியில்லை. ஒரே சுரம் இருமுறை வந்தால் ஒரே நீட்டலாகத்தான் கேட்கும். ஆகவே நாக்கின் வேலையை விரல் எடுத்துக்கொண்டது. மேலே உள்ள துளையிலிருந்து ஒரு விரலை இமைப்பொழுது தூக்கி வைத்தால், காதில் அது தனிச் சுரமாக விழாது. ஒரு வெட்டாக விழும். 'பர்ல்' என்ற அசைவில் சுண்டுவிரல் கீழ்த்துளையை இருமுறை மின்னலாகத் தொட்டு விலகும். இவற்றை அலங்காரம் என்று சொல்வது பாதி உண்மைதான். இவை இல்லையென்றால் தாளமே தெரியாது.

'பீப்ரோக்' எனும் பெருவடிவத்தில் இந்த வெட்டுகள் அடுக்கடுக்காகப் பெருகும். அடிப்படை மெட்டுக்கு 'ஊர்லார்', அதாவது தரை, என்று பெயர். ஸ்கை தீவின் மக்ரிம்மன் குடும்பத்தார் இதைப் பாடியே கற்றுக்கொடுத்தார்கள். 'கன்ட்டரக்' எனப்படும் அந்தச் சொற்கட்டில், பெரும்பாலும் உயிரொலி சுரத்தைக் குறிக்கும். மெய்யொலி விரல் வெட்டைக் குறிக்கும்.