அறுகம்குடாவுக்குப் புறப்படுமுன் கடலையும் கணக்கில் எடுங்கள்

ஒவ்வோர் ஆண்டும் ஆனி பிறந்தவுடன் வெளிநாட்டு உறவினர்களின் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். கடந்த முறை கனடாவிலிருந்து என் பெரியம்மாவின் மகள் அழைத்து, "தம்பி, ஓகஸ்ட்டில பிள்ளைகளோட வாறம், அறுகம்குடாவில நல்ல ஹோட்டல் ஒண்டு சொல்லு" என்றார். "ஹோட்டல் பிறகு பாப்பம் அக்கா, பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியுமோ?" என்று கேட்டேன். "பூல்ல நல்லா நீந்துவினம்" என்றார். அறுகம்குடா அமைந்துள்ள இலங்கையின் கிழக்குக் கரையோரத்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் பல பருவங்கள் பணியாற்றியவன் என்ற வகையில், அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அறை, வாகனம், சாப்பாடு என்று எல்லாவற்றையும் மாதக்கணக்கில் திட்டமிடும் குடும்பங்கள், எந்த மாதம், எந்தக் கரை, எவருடைய உடல்நிலைக்கு எந்த அலை என்பதை மட்டும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகின்றன. நான் தையல் போட்ட காயங்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றை விட்டதால் வந்தவை.

மாதத்திலிருந்து தொடங்குவோம். இலங்கையைச் சுற்றிக் கடல் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் ஒரே குணத்தோடு இருப்பதில்லை. வைகாசி முதல் புரட்டாதி வரை, தென்மேல் பருவக்காற்று மேற்குக் கரையையும் தெற்குக் கரையையும் அலைக்கழிக்கும் காலத்தில், கிழக்கே அதே காற்று மலைநாட்டைக் கடந்து காய்ந்து, சூடான கச்சானாக நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. தெற்கு இந்துப் பெருங்கடலின் குளிர்காலப் புயல்கள் எழுப்பிய நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பயணம் செய்து அறுகம்குடாவை ஒட்டிய பொத்துவில் முனைகளைச் சுற்றி வளையும்போது, எதிர்த்து வீசும் அந்தக் காற்று அவற்றின் முகத்தைச் சீவிவிட்டதுபோல் ஒழுங்காக்குகிறது. உலகெங்குமிருந்து அலைச்சறுக்கு வீரர்கள் அறுகம்குடாக் கரையிலுள்ள உல்லைக் கிராமத்துக்கு வருவது இதற்காகத்தான். கார்த்திகை முதல் தை வரை நிலைமை தலைகீழ். வாடைக்காற்றும் மழையும் கிழக்கை அடிக்கும். அப்போது வெலிகம, மிரிஸ்ஸ, ஹிக்கடுவ போன்ற தெற்குக் கரைகளே பொருத்தமானவை. மார்கழி விடுமுறையில் மட்டுமே வர முடிந்த ஒரு குடும்பம் அறுகம்குடாவைப் பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்தால், பணம் வீணாவது மட்டுமன்றி, கலங்கிய கடலில் குளிக்கும் ஆபத்தையும் சேர்த்தே விலைக்கு வாங்குகிறது.

அந்த அழகான கச்சானுக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. கடலை நோக்கி வீசும் காற்றுக்குக் காற்றடைத்த பொம்மை மிதவை ஒரு பாய்மரம். சிறு குழந்தையை அதில் இருத்திவிட்டுக் கைப்பேசியைப் பார்க்கும் தகப்பனுக்கு, நிமிர்ந்து பார்க்கும்போது குழந்தை நீந்திப் போய்ப் பிடிக்க முடியாத தூரத்தில் இருக்கும். கச்சான் காலத்தில் அத்தகைய மிதவைகளைக் கரைக்குக் கொண்டுவரவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது இடம். அறுகம்குடா என்பது ஒரே கடற்கரை அன்று. படங்களில் நாம் பார்க்கும் நீண்ட வலப்பக்க அலை உடைவது 'மெயின் பொயின்ற்' எனப்படும் முனையில். அதன் அடியில் பாறையும் முருகைக்கல்லும் கடல் முள்ளெலிகளும் உள்ளன, நீர் ஆழம் குறைவு, பருவம் உச்சத்தில் இருக்கும்போது கூட்டமும் அதிகம். பழகியவர்களுக்கே உரிய இடம் அது. கற்றுக்கொள்பவர்களுக்குக் குடாவின் உட்பக்கத்திலுள்ள 'பேபி பொயின்ற்', வடக்கே 'விஸ்கி பொயின்ற்', தெற்கே பாணமைப் பக்கமாகச் சில கிலோமீற்றரில் 'பீனட் பார்ம்' ஆகியவை அலை சிறுத்திருக்கும் நாட்களில் பொருந்தும். சிறுத்திருக்கும் நாட்களில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நேற்று இடுப்பளவு அலை வந்த இடத்தில் இன்று தலைக்கு மேல் வரலாம் என்பதுதான். காலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையே கரையில் அரை மணிநேரம் சும்மா இருந்து அலைகளை எண்ணுங்கள். பெரிய அலைகள் தனித்து வருவதில்லை, சில நிமிட அமைதிக்குப் பிறகு கூட்டமாகவே வரும். அந்த அமைதியைப் பார்த்து இறங்குபவர்கள்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள்.

கடல் இழுவையைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நீச்சல் குளத்தில் எத்தனை பதக்கம் வாங்கிய பிள்ளைக்கும் இது புதிது. கரையேறிய அலைநீர் எல்லாம் எங்காவது ஒரு வழியாகத் திரும்பியாக வேண்டும். அது மணல்மேட்டுக்கு இடையிலுள்ள பள்ளத்தைத் தேடிக் குறுகிய ஆறுபோலக் கடலுக்குள் ஓடுகிறது. அந்தப் பள்ளத்தில் ஆழம் கூடுதலாக இருப்பதால் அலை உடைவதில்லை. எனவே இருபுறமும் வெள்ளை நுரை பொங்க, நடுவில் மட்டும் நீர் கறுத்து அமைதியாகத் தெரியும். குழந்தைகளோடு வரும் தாய்மார் "இந்த இடம் சாந்தமாக இருக்கிறது" என்று இறக்கிவிடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். இழுவை ஆளை அடியில் அமிழ்த்துவதில்லை, வெளியே கொண்டுபோகிறது. ஆளைக் கொல்வது கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டு வரும் களைப்பு. அகப்பட்டால் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கி, ஒரு கையை உயர்த்தி அசைத்து, பிறகு கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நுரை தெரியும் பக்கம் நீந்துங்கள். சறுக்குப் பலகையில் இருந்தால் எக்காரணம் கொண்டும் பலகையை விடாதீர்கள். கரையில் நிற்பவருக்கும் ஒரு வேண்டுகோள்: வெறுங்கையோடு பின்னால் பாயாதீர்கள். பலகை, மூடிய வெற்றுக் கலன், எது மிதக்குமோ அதை எறிந்துவிட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள். காப்பாற்றப் போனவரின் உடலை அவருடைய மகனிடம் ஒப்படைக்க நேர்ந்த ஒரு மாலையை நான் இன்னும் மறக்கவில்லை.

காயங்களில் மிக அதிகம் வருவது அவரவர் சொந்தப் பலகை அடித்த காயம். விழுந்தவர் உடனே தலையை வெளியே நீட்டுகிறார். காலையும் பலகையையும் பிணைக்கும் காற்கயிற்றில் இழுபட்டுத் திரும்பும் பலகையின் நுனியோ அடியிலுள்ள செட்டையோ நெற்றியில், உதட்டில், கண்ணருகில் பாய்கிறது. விழும்போது தட்டையாக விழுந்து, நீருக்கடியிலேயே இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு, ஒரு கையை மேலே நீட்டியபடி எழ வேண்டும் என்பதை முதல்நாள் மணலில் பலமுறை செய்துபார்க்காமல் எந்தப் பயிற்சியாளரோடும் இறங்காதீர்கள். முதல் வாரம் நுரைப்பொருளாலான மென்பலகையே போதும். வாடகைக்கு எடுக்கும்போது காற்கயிற்றைக் கையில் சுற்றி இழுத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் வேறு கேளுங்கள். அப்படி வெடித்த கயிறு அறுந்து, பலகையில்லாமல் நீந்திக் களைத்து வந்த இளைஞன் ஒருவனின் கெண்டைக்காலில் நான்கு அங்குல நீளத்துக்கு முருகைக்கல் கிழித்திருந்தது. இரத்தத்தை நிறுத்த யாரோ கோப்பித்தூளை அள்ளி அப்பியிருந்தார்கள். அந்தத் தூளையும், மணலையும், வெள்ளை வெள்ளையாகச் சிக்கியிருந்த முருகைக்கல் துகள்களையும் சாவணத்தால் ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவி முடிக்க முக்கால் மணிநேரம் ஆனது. தையலுக்குப் பத்து நிமிடம்தான். கோப்பித்தூள், மஞ்சள், பற்பசை எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்துங்கள், குடிக்கும் நீரால் தாராளமாகக் கழுவுங்கள், அன்றே காட்டுங்கள். ஏற்பு வலித் (டெட்டனஸ்) தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதைப் புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். முள்ளெலியோ திருக்கையோ குத்தினால், தோல் தாங்கக்கூடிய அளவு சூடான, ஏறத்தாழ 45 பாகை நீரில் 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்தி வைத்தால் வலி பெரிதும் தணியும். சூட்டை மற்றைய காலால் சோதித்துவிட்டு வையுங்கள்.

இனிச் சொல்லப்போவது அரிதானது. இருந்தும் இதை எழுதுவதற்காகவே இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன் என்றும் சொல்லலாம். முதல்முறையாகச் சறுக்கக் கற்கும், வேறு நோய் எதுவுமற்ற, பெரும்பாலும் மெலிந்த இளவயதினர் சிலருக்கு, அடிபடாமலே முண்ணாண், அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு, செயலிழக்கிறது. பலகையில் குப்புறப் படுத்து, மார்பையும் தலையையும் உயர்த்தி, முதுகை வில்போல் பின்னுக்கு வளைத்தபடி நெடுநேரம் இருக்கும்போது, முண்ணாணுக்குப் போகும் இரத்தவோட்டம் தடைப்படுவதே காரணம் என்று கருதப்படுகிறது. 2004 இல் ஹவாயில் ஒன்பது நோயாளரை வைத்து மருத்துவர்கள் இதை முதன்முதலாக விவரித்தார்கள். முதலில் திடீர் முதுகுவலி. பிறகு கால்களில் விறைப்பு, பலவீனம், சிறுநீர் கழிக்க முடியாமை. ஒரு மணிநேரத்துக்குள்ளேயே நடக்க முடியாமல் போகலாம். சிலர் முழுமையாகத் தேறுகிறார்கள், சிலர் தேறுவதில்லை. எனக்கு வந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. முதுகு பிடித்ததென்று சொல்லியும், இன்னும் ஓர் அலை, இன்னும் ஓர் அலை என்று தொடர்ந்திருக்கிறார். கட்டிலில் படுத்திருந்தவரின் பாதத்தில் பஞ்சால் தொட்டேன், "தொட்டுட்டீங்களா டொக்டர்?" என்று கேட்டார். ஆகவே முதல் நாட்களில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பலகையில் எழுந்து உட்காருங்கள், நீர் குடியுங்கள், நெடும்பயணம் முடிந்த அன்றே பலகையில் ஏறாதீர்கள். முதுகு வலித்தால் அந்தக் கணமே கரைக்கு வந்துவிடுங்கள். காலில் சிறு மரப்பு இருந்தாலும் மசாஜ் செய்துகொண்டு விடுதியில் படுத்திருக்க வேண்டாம், வைத்தியசாலைக்குப் போங்கள்.

சறுக்காத பெரியவர்களுக்கும் கரையில் ஆபத்து இல்லாமலில்லை. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மதிய மணலில் வெறுங்காலோடு நடந்து, சுட்டதே தெரியாமல், இரவு செருப்பைக் கழற்றும்போது கொப்புளத்தைக் காண்கிறார்கள். நம்மவர்களிடையே நீரிழிவு எவ்வளவு பரவலாக உள்ளது என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். அப்பாவுக்கும் மாமிக்கும் மூடிய காலணி எடுத்து வாருங்கள், இன்சுலினை வாகனத்தின் முன்பெட்டியில் வைக்காதீர்கள். நமது நிறம் வெயிலைத் தாங்கும் என்ற நம்பிக்கையும் அரைகுறையானது. குளிர்நாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இரண்டே மணிநேரத்தில் தோள் கருகி வருகிறார்கள். முழுக்கைச் சட்டையே சிறந்த களிம்பு. இதில் ஒரு சிறு செய்தி: மலேரியாத் தடுப்புக்கென்று டொக்சிசைக்ளின் மாத்திரையோடு சிலர் வருகிறார்கள். அது தோலை வெயிலுக்கு மேலும் கூசச் செய்யும். இலங்கையோ 2016 இல் மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டுவிட்டது. இங்கு அஞ்ச வேண்டிய நுளம்பு பகலில் கடிக்கும் டெங்கு நுளம்பு.

களப்புகளின் ஓரத்தில் கை கழுவக்கூட இறங்காதீர்கள். 2017 செப்டெம்பரில் தெற்கேயுள்ள யானைப்பாறை அருகே வெளிநாட்டவர் ஒருவரை முதலை கொன்றது. பாணமை வீதியில் அந்திக்குப் பின் யானைகள் கடக்கும். இருசக்கர வண்டியில் இருட்டிய பிறகு போக வேண்டாம். கரையில் சுற்றும் நாய்களைப் பிள்ளைகள் கொஞ்சுவது இயல்பு, ஆனால் கடியோ கீறலோ பட்டால் ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே விசர்நாய்க்கடித் தடுப்பூசிக்கு அரச வைத்தியசாலைக்கு வர வேண்டும். நாடு திரும்பிய பிறகு போடலாம் என்று தள்ளிப்போட்டால் உயிரோடு விளையாடுகிறீர்கள்.

காப்புறுதிப் பத்திரத்தில் அலைச்சறுக்கு விலக்கப்பட்டிருக்கிறதா, மோட்டார் சைக்கிள் ஓட்ட உங்கள் அனுமதிப்பத்திரம் செல்லுமா என்ற இரண்டு வரிகளைப் புறப்படுமுன் தேடிப் படியுங்கள். கனடா அக்காவின் பத்திரத்தில் அலைச்சறுக்கு விலக்கப்பட்டிருந்தது. கூடுதல் கட்டணம் கட்டி மாற்றிக்கொண்டார். பிள்ளைகளை அங்கேயே ஒரு ஏரிக்குக் கூட்டிப்போய், கால் நிலம் தொடாத நீரில் பத்து நிமிடம் மிதக்கப் பழக்கினார். இலவச நோயாளர் வண்டிச் சேவையின் இலக்கம் 1990. அருகில் பொத்துவில் ஆதார வைத்தியசாலை. அங்கிருந்து அக்கரைப்பற்றுக்கோ அம்பாறைக்கோ மட்டக்களப்புக்கோ மாற்ற வேண்டி வந்தால் வீதியில் நேரம் செல்லும். ஆகவே அழைக்கும்போது விடுதியின் பெயரோடு எந்த முனை, எந்தப் பக்கத்து ஒழுங்கை என்பதையும் சொல்லுங்கள். அதை முதல்நாளே ஒரு துண்டில் எழுதி, கரையில் பைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டியின் கையில் கொடுத்து வையுங்கள்.