ஸ்ப்ளிட்டர் வாங்குவதற்கு முன் ஓர் அட்டையை ஒட்டிப் பாருங்கள்

காரின் முன் பம்பருக்கு அடியில் மாட்டும் பலகைதான் ஸ்ப்ளிட்டர். ஆன்லைனில் அதை வாங்கினால் கூடவே ஒரு சின்னப் பை வரும். உள்ளே செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூக்களும் (நட் இல்லாமல் தானே மரை வெட்டி இறங்குபவை) டபுள் டேப்பும் இருக்கும். அந்த ஸ்க்ரூக்களை ஓரமாக வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். பம்பர் பிளாஸ்டிக்கில் அவை கடிக்கும் ஆழம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். ஆறு மாத அதிர்வில் ஓட்டை பெரிதாகி ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும்.

வாங்கும்போதே லிப் வேண்டுமா ஸ்ப்ளிட்டர் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். பம்பரின் அடி விளிம்பை ஒட்டி 15, 20 மி.மீ. நீளும் பாலியூரிதேன் பட்டைதான் லிப். அது அழகுக்கு. இடித்தால் வளைந்து கொடுக்கும். ஸ்ப்ளிட்டர் தட்டையான பலகை. முன்னே 50 மி.மீ.யோ அதற்கு மேலோ நீட்டிக்கொண்டிருக்கும். பம்பர் முகத்தில் முட்டித் தேங்கும் காற்று பலகையை மேலிருந்து அழுத்தும். அடியில் காற்று வேகமாக ஓடுவதால் அங்கே அழுத்தம் குறையும். இரண்டும் சேர்ந்து மூக்கைக் கீழே அமுக்கும். இந்த விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும்: 60 கி.மீ.யில் இருப்பதைவிட 120இல் நாலு மடங்கு. புதுச்சேரியில் மரப்பாலத்திலிருந்து அரியாங்குப்பம் போகும் வேகத்தில் அதற்கு வேலையே இல்லை. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் உண்டு. அங்கேயும் பின்னால் விங் எதுவும் இல்லாமல் முன்பக்கத்தை மட்டும் அமுக்கினால், வேக வளைவுகளில் பின்சக்கரங்கள் பிடி விடும். எங்கள் கருத்து: ரோட்டுக்கு லிப் போதும். ஸ்ப்ளிட்டரை டிராக்குக்குப் போகும்போது மாட்டி, வந்ததும் கழற்றுங்கள்.

ரோட்டிலும் வேண்டும் என்பவர்கள் முதலில் உயரத்தை அளக்க வேண்டும். டேங்க் நிரப்பி, டயர் காற்று சரிபார்த்து, முன்சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்த நிலையில் சமதரையில் அளக்க வேண்டும். டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து பம்பர் நுனி 700 மி.மீ. முன்னால், 130 மி.மீ. உயரத்தில் இருந்தால் ஏறும் கோணம், அதாவது பம்பர் இடிக்காமல் ஏறக்கூடிய சரிவு, சுமார் 10.5 டிகிரி. 50 மி.மீ. முன்னே நீண்டு 15 மி.மீ. கீழே இறங்கும் ஸ்ப்ளிட்டர் அதை 8.7 ஆக்கிவிடும். இந்த வித்தியாசம் வீட்டு கேட் சரிவிலேயே தெரிந்துவிடும். இந்தியச் சாலைக் குழும விதிப்படி ஸ்பீட் பிரேக்கர் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். நம் தெருக்களில் ராவோடு ராவாகப் போட்ட மேடுகளில் உயரம் இருக்கும், அகலம் இருக்காது.

கணக்கைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. பெட்டி அட்டையை ஸ்ப்ளிட்டர் வடிவத்தில் வெட்டி, அது வரப்போகும் உயரத்தில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, தினமும் போகும் வழியில் மெதுவாக ஒரு சுற்று போய் வாருங்கள். எந்த மூலை கசங்கியது என்று பாருங்கள். பிரேக்கை மிதித்தபடியே மேட்டில் ஏறினால் மூக்கு தாழ்ந்து இடிக்கும். மேட்டுக்கு முன்பே பிரேக்கை விட்டால் பிழைக்கும். அப்படி ஓட்டியும் அட்டை கிழிந்தால், வாங்காத ஸ்ப்ளிட்டருக்குக் காசு மிச்சம்.

மாட்டும்போது அதிகம் நடக்கும் தப்பு, முழுப் பலகையையும் பம்பர் தோலில் (வெளியே தெரியும் பிளாஸ்டிக் உறை) மட்டும் தொங்கவிடுவது. அந்தத் தோலைப் பிடித்திருப்பவை பிளாஸ்டிக் க்ளிப்புகள். வேகத்தில் ஸ்ப்ளிட்டர் கீழே இழுக்கும்போது க்ளிப்புகள் விட்டுவிடும். பலகையைத் தாங்கும் சப்போர்ட் ராடைப் பம்பரில் திருகினால் அதுவும் அலங்காரம்தான். ராடையும் பலகையின் பின்விளிம்பையும் சப்ஃப்ரேமிலோ (காரின் முன்பக்க இரும்பு அடிச்சட்டம்) அதோடு சேர்ந்த பிராக்கெட்டிலோ பிடிக்க வேண்டும். அதற்காக பம்பருக்குள் இருக்கும் மோதல் பீமில் ஓட்டை போடாதீர்கள். விபத்தில் அடி வாங்குவதற்கென்றே இருக்கும் பாகம் அது.

ட்ரில் எடுப்பதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இன்டர்கூலர், வாஷர் டேங்க், ஃபாக் லேம்ப் வயர் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையக் கூடாது, ஸ்டாண்ட் வையுங்கள். நடுக்கோட்டை நம்பர் பிளேட்டை வைத்துக் குறிக்காதீர்கள், அது பெரும்பாலும் கோணலாகத்தான் இருக்கும். இரண்டு வீல் ஆர்ச்சிலிருந்தும் அளந்து குறியுங்கள். நடுவில் தொடங்கி இரு பக்கமும் 150 மி.மீ.க்கு ஓர் ஓட்டையாக, முதலில் 3 மி.மீ. பிட், பிறகு 6.5. பிட்டில் டேப் சுற்றி ஆழத்தை மட்டுப்படுத்துங்கள். எம்6 போல்ட், இரண்டு பக்கமும் அகல வாஷர், நைலாக் நட் (அதிர்வில் கழலாதபடி உள்ளே நைலான் வளையம் வைத்தது) போதும். வாஷர் பிளாஸ்டிக்கில் பதியத் தொடங்கினால் இறுக்கம் அதிகம்.

வெயிலை மறந்துவிடுகிறார்கள். பகலெல்லாம் வெளியே நிற்கும் காரின் பம்பர் கை வைக்க முடியாத சூடாகும். 1.7 மீட்டர் பிளாஸ்டிக் பம்பர் அந்தச் சூட்டில் நாலைந்து மி.மீ. நீளும்; கார்பன் ஃபைபர் பலகை ஏறக்குறைய அப்படியே இருக்கும். எல்லா ஓட்டையும் இறுக்கமான வட்டமாக இருந்தால் பம்பர் அலையலையாகப் புடைக்கும், அல்லது ஓரம் வெடிக்கும். நடு ஓட்டை மட்டும் வட்டம். ஓரத்துக்குப் போகப் போக பலகையின் ஓட்டைகளைப் பக்கவாட்டில் 12 மி.மீ. வரை நீட்டிவிடுங்கள்.

டபுள் டேப்பும் ஒட்டுவதானால் தண்ணீர் கலந்த ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பம்பருக்கு உரிய பிரைமர் பூச வேண்டும். பம்பர் பிளாஸ்டிக்கான பாலிப்ரொப்பிலீனில் சாதாரண டேப் தானாகச் சரியாகப் பிடிக்காது. முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் ஆகும். போல்ட்டுக்குப் பதில் டேப் என்பது ஆபத்து: கடலூர் சாலையில் கழன்று விழும் பலகை உங்கள் டயருக்கடியிலோ, பின்னால் பைக்கில் வருபவர் முன்னாலோதான் போகும்.

கடற்காற்று தனிப் பிரச்சினை. கார்பன் ஃபைபர் மின்சாரம் கடத்தும். உப்பு ஈரத்தோடு அலுமினிய ரிவெட்டையோ சிங்க் பூசிய போல்ட்டையோ தொட்டால் அவை வெள்ளைப் பொடியாக அரிக்கும். எஸ்எஸ் 316 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகம்) போல்ட்டாக வாங்குங்கள். 304 இங்கே பழுப்பேறும்.

ரேடார், பார்க்கிங் சென்சார், இழுவைக் கொக்கி ஓட்டை, பிரேக் காற்றுவழி எதையும் மறைக்கக் கூடாது. சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வண்டி மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. 182ஏ(4)இன்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பதிவு அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

100 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை சரிபாருங்கள். ஐப்பசி மழைக்கு முன் கழற்றிவிடுவது நல்லது; இந்திரா காந்தி சிலைப் பக்கம் தேங்கும் தண்ணீரில் ஸ்ப்ளிட்டர் மண்வெட்டியாகத் தண்ணீரை அள்ளி, பம்பரையும் சேர்த்துப் பிடுங்கும். கண்ணாடியிழைப் பலகையில் விரிசல் விழுந்தால் டிங்கரிங் கடையைவிட ஃபைபர் படகு ஒட்டுபவர்கள் நன்றாகச் செய்வார்கள். விரிசலை இருபுறமும் சரிவாகத் தேய்த்து, கண்ணாடியிழைப் பாயும் (மேட்) ரெசினும் அடுக்கச் சொல்லுங்கள். மேலே பட்டி மட்டும் பூசித் தந்தால் வாங்காதீர்கள்.