லாட் எண் இருந்த இடத்தில் ஆபரேட்டர் பெயர்

பினாங்கின் பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்த்த ஒரு டெஸ்ட் லைன். ராத்திரி ஷிஃப்ட் ஆரம்பித்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, லைன் லீடர் போன் போட்டார். மெஷின் திரையில் ‘முடிந்த லாட்’ என்ற கட்டத்தில் லாட் எண்ணுக்கு (ஒரு தொகுதிச் சரக்கின் எண்) பதிலாக இப்போது வந்து உட்கார்ந்த ஆபரேட்டரின் பெயர் நிற்கிறதாம். “மெஷினுக்குப் பேய் பிடிச்சிருச்சு கக் (அக்கா)” என்றார் சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சி மொழியில் எழுதிய அந்த புரோகிராமில் ஸ்ட்ரிங்குகளை, அதாவது எழுத்து வரிசைகளை, கையாளும் பகுதியை எழுதியதே என் டீம்தான். ஒரு ஸ்ட்ரிங்கை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணி வைக்கும் ரெஃபரன்ஸ் கவுண்ட் முறையில் எழுதியது.

பேய் பிடித்த கதை இதுதான். லாட் எண் 12 எழுத்து. அதை வைத்திருந்த மெமரித் துண்டில் அந்த எண்ணிக்கைக்கு 4 பைட், நீளத்துக்கு 4 பைட், எழுத்துக்கு 12, கடைசி பூஜ்யத்துக்கு 1, ஆக 21 பைட். 64 பிட் லினக்ஸில் ஜிலிப்சி என்ற சி நூலகத்தின் மாலக் (மெமரி எடுத்துத் தரும் ஃபங்ஷன்) இதற்கு 32 பைட் துண்டு ஒன்றைக் கொடுக்கும். ஆபரேட்டரின் பெயர் 15 எழுத்து. அதற்கு வேண்டியது 24 பைட், கிடைப்பதும் அதே 32 பைட் துண்டுதான். புது லாட் ஸ்கேன் ஆனதும் பழைய லாட் எண்ணை ஃப்ரீ செய்தோம், அதாவது அதன் மெமரியைத் திருப்பிக் கொடுத்தோம். அடுத்த நொடி ஆபரேட்டர் தன் பேட்ஜை ஸ்கேன் செய்தார். இப்படிப்பட்ட சிறு துண்டுகளில், அதே அளவில் கடைசியாகத் திரும்பி வந்ததைத்தான் மாலக் பெரும்பாலும் முதலில் எடுத்து நீட்டும். பழைய எண் இருந்த அதே முகவரியில் பெயர் போய் உட்கார்ந்தது. திரையோ பழைய முகவரியையே பிடித்துக்கொண்டு நின்றது.

சி மொழியில் ஸ்ட்ரிங் என்று தனியாக ஒன்றும் இல்லை. பைட் வரிசை ஒன்று, முடிவில் ஒரு பூஜ்யம், அவ்வளவுதான். அது யாருடையது, எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், எப்போது தூக்கிப் போடலாம் என்பதெல்லாம் மொழிக்குத் தெரியாது. அந்தக் கணக்கை நாமே வைத்துக்கொள்ளும் வழிகளில் ஒன்றுதான் ரெஃபரன்ஸ் கவுண்ட். புதுச் சரக்கு இல்லை, 1960-இல் ஜார்ஜ் காலின்ஸ் எழுதி வைத்தது. பைத்தானின் அடித்தளமும் பிஹெச்பி-யின் ஸ்ட்ரிங்குகளும் இன்றும் இதில்தான் ஓடுகின்றன. இரண்டுமே சி-யில் எழுதப்பட்டவை.

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் இதை நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பது. கூட்ட நேரத்தில் ஒரு மேசையில் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறோம். கடைசி ஆள் எழுந்ததும் பையன் வந்து தட்டுகளை அள்ளி, மேசையைத் துடைத்து, அடுத்த கூட்டத்துக்குக் கொடுத்துவிடுவான். எண்ணிக்கை பூஜ்யம், ஃப்ரீ. இருவர் எழுந்துபோய் மற்ற இருவர் கை கழுவப் போயிருக்கும்போது பையன் காலி மேசை என்று நினைத்துத் துடைத்துவிட்டால்? ஈரக் கையோடு திரும்பி வந்தால் நம் இடத்தில் வேறு ஒருவரின் தட்டு. என் லாட் எண்ணுக்கு நடந்தது அதுதான். இன்னொரு வகையும் உண்டு. நாலு பேரும் போய்விட்டார்கள், நாற்காலியில் ஒரு பை மட்டும் கிடக்கிறது. ஆள் இருக்கிறது என்று பையன் அந்த மேசையைத் தொடவே மாட்டான். அது லீக், மெமரி ஒழுகல்.

ஸ்ட்ரிங்குக்கு இந்த முறை நன்றாகப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. ரெஃபரன்ஸ் கவுண்டின் பரம்பரை நோய் வட்டம்: இது அதைப் பிடித்திருக்க, அது இதைப் பிடித்திருக்க, இரண்டின் எண்ணிக்கையும் பூஜ்யத்துக்கு வராமலே போவது. ஸ்ட்ரிங்குக்குள் எழுத்துதான் இருக்கும், இன்னொரு பொருளைப் பிடிக்கும் சுட்டி (அதன் மெமரி முகவரி) இருக்காது. அதனால் வட்டம் உண்டாக வழியே இல்லை.

அமைப்பும் எளிது. ஒரு ஸ்ட்ரக்ட் (பல விவரங்களை ஒன்றாகக் கட்டி வைப்பது), அதில் எண்ணிக்கை, நீளம், கடைசியில் சி மொழியின் 1999 தரமான சி99 கொண்டுவந்த அளவு குறிக்காத வரிசை. மூன்றும் ஒரே மாலக்கில் வந்துவிடும். நீளத்தைச் சேர்த்து வைப்பதை வீண் என்று நினைக்காதீர்கள். ‘பினாங்கு’ என்ற சொல் யூடிஎஃப்-8 எழுத்துக் குறியீட்டில் 24 பைட். ஒவ்வொரு தடவையும் பூஜ்யம் எங்கே என்று முதலிலிருந்து நடந்து பார்ப்பதை அந்த 4 பைட் மிச்சப்படுத்தும். பிடிக்கும்போது ஒன்று கூட்டு, விடும்போது ஒன்று கழி, பூஜ்யமானால் ஃப்ரீ. எழுதினால் முப்பது வரி தாண்டாது.

அந்த முப்பது வரியில் எனக்குத் தெரிந்து யாரும் பெரிதாகத் தப்புச் செய்வதில்லை. தப்பெல்லாம் ஃபங்ஷன் எல்லையில்தான். ஒரு ஃபங்ஷன் உங்களுக்கு ஒரு ஸ்ட்ரிங்கைத் தருகிறது. சொந்தமாகத் தருகிறதா, இரவலாகத் தருகிறதா? சி-யின் டைப்பைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது, இரண்டும் ஒரே சுட்டி. என் டீமின் பழைய கோடில் ‘இப்போதைய லாட்’ என்று கேட்கும் ஃபங்ஷன் இரவல்தான் தந்தது. திரைப் பகுதியை எழுதிய தம்பி அதைச் சொந்தம் என்று நினைத்துத் தன் ஸ்ட்ரக்டில் போட்டு வைத்துவிட்டான். நான் அவனைத் திட்டவில்லை. பெயரில் ஒரு குறிப்பும் இல்லாமல் விட்டது நாங்கள்.

ஆப்பிளின் கோர் ஃபவுண்டேஷன் என்ற சி நூலகத்தில் இதற்குப் பெயரிலேயே விதி வைத்திருக்கிறார்கள். ‘கிரியேட்’ அல்லது ‘காப்பி’ என்று பெயரில் இருந்தால் சொந்தம், நீங்கள்தான் விட வேண்டும். ‘கெட்’ என்றால் இரவல், வைத்துக்கொள்ள வேண்டுமானால் நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். பைத்தானின் சி பக்கத்திலோ, லிஸ்ட்டிலிருந்து ஒன்றை எடுத்தால் இரவல், லிஸ்ட்டில் ஒன்றை வைத்தால் உங்கள் கையிலிருப்பதை அது பிடுங்கிக்கொள்ளும். அந்த ஆவணத்தில் ‘திருடும்’ என்றே எழுதியிருக்கிறது. நாங்கள் இப்போது ஆப்பிள் வழியில் பெயர் வைக்கிறோம். பெயர் நீளமாகிறது, ஆகட்டும்.

பையை நாற்காலியில் விட்டுப் போன கதையும் எங்களிடம் உண்டு. டெஸ்ட் ஆகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் சுமார் 1 கிலோபைட் பதிவு ஒன்று தயாராகி, அதைக் குறித்து வைக்கும் லாக் ஃபங்ஷனிடம் சொந்தமாக ஒப்படைக்கப்படும். எழுதி முடித்ததும் அதுதான் விட வேண்டும். அந்த ஃபங்ஷனின் முதல் வரி, எவ்வளவு விவரம் எழுத வேண்டும் என்ற லாக் அளவு குறைவாக இருந்தால் உடனே திரும்பு. திரும்புமுன் விட வேண்டும் என்பது விட்டுப்போனது. எங்கள் ஆபீஸ் மேசையில் லாக் எப்போதும் முழுசாக ஓடும், அதனால் ஒழுகல் தெரியவே இல்லை. லைனில் வேகத்துக்காகக் குறைத்து வைத்திருப்பார்கள், அங்கே ஒவ்வொரு யூனிட்டும் ஒழுகியது. இரண்டு நொடிக்கு ஒரு யூனிட் என்றால் நாளைக்கு 43,200. ஏறக்குறைய 42 மெகாபைட். அந்தப் பெட்டியில் மிச்சம் இருந்தது 128 மெகாபைட். திங்கள் காலை ஏற்றியது புதன் பின்னிரவு வரை தாங்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரே வெளிவாசல், அந்த வாசலில் விடும் வேலை என்று மாற்றினோம். அந்த வாசலுக்குத் தாவ கோட்டூ (வேறு வரிக்குத் தாவும் கட்டளை) வேண்டும். கோட்டூ கூடாது என்று காலேஜில் சொல்லிக்கொடுத்தது இங்கே செல்லாது, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலே அப்படித்தான் எழுதப்படுகிறது.

திரெட், அதாவது ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் பல வேலைகள், வந்துவிட்டால் கதை வேறு. ‘ஒன்று கூட்டு’ என்பது சிபியூ-வுக்கு மூன்று வேலை: படி, கூட்டு, திரும்ப எழுது. இரண்டு திரெட் ஒரே நேரத்தில் 2 என்று படித்தால் இரண்டுமே 3 என்று எழுதும். இருப்பது நாலு பேர், கணக்கில் மூன்று பேர். ஒருவர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மேசை துடைக்கப்படும். மூன்று வேலையையும் நடுவில் யாரும் புகாதபடி ஒரே மூச்சில் முடிக்கும், சி11 தரத்தின் அட்டாமிக் வகைகள் இதற்குத்தான். ஆனால் அட்டாமிக்காகக் கழித்துவிட்டு, பிறகு தனியாகப் படித்துப் பூஜ்யமா என்று பார்ப்பவர்களை இன்னும் ரிவ்யூவில் பார்க்கிறேன். இரண்டு திரெட்டும் கழித்த பிறகு இரண்டும் பூஜ்யத்தைப் பார்த்தால் ஃப்ரீ இரண்டு தடவை. கழிக்கும் ஃபங்ஷன் பழைய மதிப்பைத் திருப்பித் தருகிறதே, அது 1 என்றால் மட்டும் நீங்கள்தான் கடைசி ஆள். இன்னொன்று: ஏற்கனவே கையில் பிடித்திருப்பவர்தான் எண்ணிக்கையைக் கூட்டலாம். பொதுவான இடத்திலிருந்து முகவரியைப் படித்து, அப்புறம் கூட்டினால், நடுவில் இன்னொரு திரெட் அதை ஃப்ரீ செய்திருக்கலாம். அங்கே பூட்டு போன்ற ஒரு காவல் வேண்டும், எண்ணிக்கையை அட்டாமிக் ஆக்கியது மட்டும் காப்பாற்றாது.

எண்ணிக்கை நிரம்பி வழியுமா என்று கேட்பார்கள். 32 பிட் போதாதா? லினக்ஸ் கர்னலில் 2016-இல் வெளியான சிவிஇ-2016-0728 என்ற பாதுகாப்புப் பிழை அதுதான்: பிழைப் பாதையில் விட மறந்த ஒரு ரெஃபரன்ஸ், அதைத் திரும்பத் திரும்பத் தூண்டி எண்ணிக்கையை ஒரு சுற்றுச் சுற்றிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, உபயோகத்தில் இருப்பதை ஃப்ரீ செய்ய வைப்பது. 2017-இல் கர்னல் தனி எண்ணிக்கை வகையே கொண்டுவந்தது. உச்சியைத் தொட்டால் அங்கேயே நின்றுவிடும், சுற்றாது. அந்த மெமரி ஒழுகும், ஆனால் யாரும் உள்ளே நுழைய முடியாது.

பகிர்ந்துகொண்ட ஸ்ட்ரிங்கை அந்த இடத்திலேயே திருத்தாதீர்கள் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆள் ஒருவர் கடைசியில் இருந்த புது வரிக் குறியை வெட்டினார், அதே ஸ்ட்ரிங்கை ஃபைலுக்கு எழுதிக்கொண்டிருந்த பகுதியில் வரிகள் எல்லாம் ஒட்டிக்கொண்டன. திருத்த வேண்டுமானால் எண்ணிக்கை 1-ஆ என்று பார், இல்லையென்றால் நகல் எடு.

இவ்வளவும் எழுதிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை: பாதி இடங்களில் ரெஃபரன்ஸ் கவுண்டே தேவையில்லை. 12 எழுத்து லாட் எண்ணை இரண்டு இடத்தில் வைக்க வேண்டுமானால் நகல் எடுத்துக்கொண்டு போங்கள், ஸ்ட்ரக்டுக்குள்ளேயே நிலையான வரிசையாக வைத்துவிடுங்கள். என் திரைப் பகுதியை அப்படித்தான் கடைசியில் திருத்தினோம். பெரிய ஸ்ட்ரிங், பல கைகள், யார் கடைசி என்று முன்கூட்டியே தெரியாது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் இந்தக் கணக்கு லாபம்.

லாட் எண் பேயை ஆபீஸ் மேசையில் ஓட்டிப் பார்த்தபோது, மெமரித் தப்புகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் என்ற கருவி ஒரே நிமிஷத்தில் காட்டிக்கொடுத்தது. எங்கே வாங்கியது, எங்கே ஃப்ரீ செய்தது, எங்கே மறுபடி தொட்டது, மூன்றும் வரி எண்ணோடு. ஆனால் யாரோ இன்னும் சுட்டியைப் பிடித்துக்கொண்டே இருக்கும் ஒழுகலை அது லீக் என்று சொல்லாது, நாற்காலியில் பை இருக்கிறதே. அதற்காக உயிரோடு இருக்கும் ஸ்ட்ரிங் மொத்தம் எத்தனை என்று ஒரு எண் வைத்து, புரோகிராம் எல்லாவற்றையும் விட்டு நிற்கும்போது அதை அச்சிடச் செய்திருக்கிறோம். பூஜ்யம் வர வேண்டும்.

இன்று காலை பசியாறிவிட்டு வந்து பார்த்தால் 1 என்று நிற்கிறது. “அக்கா, நான் தொடவே இல்லை” என்கிறான் தம்பி. தேடிக்கொண்டிருக்கிறோம்.