சலைன் தீர்ந்த முகாமில் ஒரு பிடி குளுக்கோஸ்

1971 இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து (இன்றைய வங்கதேசம்) சுமார் 1 கோடிப் பேர் இந்தியாவுக்குள் வந்தார்கள். போதாக்குறைக்கு மழைக்காலம். எல்லையோர ஊரான போன்காவின் மருத்துவமனையில் காலரா நோயாளிகளுக்கு இருந்தவை இரண்டே அறைகள். கட்டில் போதாமல் பலர் தரையில் கிடந்தார்கள். மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் அந்த வாந்தி பேதிக்கு நடுவே மண்டியிட்டுத்தான் சலைன் ஏற்ற வேண்டியிருந்தது. சலைன் வேகமாகத் தீர்ந்துகொண்டிருந்தது. ஊசி ஏற்றத் தெரிந்தவர்களோ விரல்விட்டு எண்ணும் அளவில்தான்.

காலராக் கிருமி குடலைப் புண்ணாக்கிக் கொல்வதில்லை. அதன் நச்சு, சிறுகுடல் செல்களில் குளோரைடு வெளியேறும் வாசலைத் திறந்து, மூடாமல் பிடித்துக்கொள்கிறது. உப்பு போகும் பக்கம் தண்ணீரும் போகும். நோய் முற்றினால் மணிக்கு 1 லிட்டர்கூடப் போய்விடும், அரிசி களைந்த தண்ணீர் போல. அந்த நேரத்தில் வெறும் தண்ணீரோ உப்புத் தண்ணீரோ குடித்தால் உடம்பில் சரியாகச் சேராது.

ஆனால் அதே செல்லில் இன்னொரு வாசல் உண்டு. குளுக்கோஸ் கூட வந்தால்தான் அது சோடியத்தை உள்ளே விடும்: ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு சோடியம். இரண்டும் சேர்ந்தே நுழைகின்றன என்பது அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960 இல் சொன்ன விஷயம். காலரா நச்சு இந்த வாசலைத் தொடுவதே இல்லை! சோடியம் நுழைந்ததும் தண்ணீர் தானாகப் பின்னால் வருகிறது. சர்க்கரை இங்கே தெம்புக்காக அல்ல, கதவைத் திறக்க.

1968 லேயே டாக்காவில் குளுக்கோஸும் உப்பும் கலந்த தண்ணீரைக் காலரா நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள், அதுவும் மருத்துவர்களின் கண்காணிப்பில். பயிற்சி இல்லாதவர்கள் கையில் கொடுக்கலாமா என்ற தயக்கம் மட்டும் போகவில்லை. மகாலனாபிஸுக்குத் தயங்க நேரமில்லை. கல்கத்தாவில் ஒரு நூலக அறையில் உட்கார்ந்து குளுக்கோஸ் 22 கிராம், உப்பு 3.5 கிராம், சோடா உப்பு 2.5 கிராம் என்று லிட்டர் கணக்கில் நிறுத்தார்கள். பிளாஸ்டிக் பைகளில் போட்டு, சூடான இரும்பை வைத்து வாயை ஒட்டினார்கள். முகாமில் அதை டிரம்மில் கரைத்துவைத்தார்கள். அம்மாக்களும் அண்ணன் தம்பிகளும் டம்ளர் டம்ளராகப் பிடித்துப்போய் ஊட்டினார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது இந்த டிரம்தான். ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்திறங்கும்போது மருந்தைவிடக் கைகளுக்குத்தான் பஞ்சம். அந்தக் கைகள் நோயாளியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தன. 30 சதவீதத்தை எட்டியிருந்த இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது.

அளவு பிசகினால் கதை மாறும். சர்க்கரை கூடினால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியை வளர்க்கும். 2002 இல் உலக சுகாதார நிறுவனமே இந்தக் கலவையில், அதாவது நாம் ஓ.ஆர்.எஸ். என்று சொல்வதில், குளுக்கோஸை லிட்டருக்கு 13.5 கிராமாகவும் உப்பை 2.6 கிராமாகவும் குறைத்தது. நம் வீடுகளில் 1 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டிய ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரே டம்ளரில் கொட்டிக் கலக்கி, "இனிக்குது, குடி கண்ணு" என்று குழந்தையிடம் நீட்டுவதை இன்றும் பார்க்கிறேன்.