ஊசியைப் பார்ப்பவர்கள் பேனாவையும் பார்க்க வேண்டும்

இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகளாக ஊசியோடு பழகிவரும் எனக்கு, கையை நீட்டுவதற்கு முன் "புது ஊசிதானே?" என்று கேட்பவர்கள்மேல் ஒருபோதும் கோபம் வந்ததில்லை. கேட்காமல் இருந்துவிட்டு, வீட்டுக்குப் போனபின் உறக்கம் இழப்பவர்களை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது.

அப்படி ஓர் இளைஞர் அண்மையில் வந்தார். வேறோர் ஆய்வகத்தில் இரத்தம் கொடுத்த நாளிலிருந்து, தமக்கு எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்ற அச்சம் விடவில்லை என்றார். ஒரே ஊசியில் மூன்று குழாய்களை மாற்றி மாற்றிச் செருகினார்களாம். அவற்றில் நீல மூடியிட்ட குழாய்க்குள் முன்பே ஏதோ திரவம் இருந்ததாம்.

இரண்டுமே முறையான செயல்கள்தாம். இப்போது பயன்படும் வெற்றிடக் குழாய் முறையில் ஊசிக்கு இரு முனைகள் உண்டு. ஒரு முனை நரம்பினுள் இருக்க, இரப்பர் உறை மூடிய மறுமுனை குழாயின் மூடியைத் துளைத்து, உள்ளிருக்கும் வெற்றிடத்தால் இரத்தத்தை இழுக்கிறது. ஒரே குத்தலில் எல்லாச் சோதனைகளுக்கும் இரத்தம் எடுப்பதற்காகவே குழாய்களை மட்டும் மாற்றுகிறோம். நீல மூடிக் குழாயில் இருப்பது இரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் கரைசல். ஊதா மூடிக் குழாயின் உட்சுவரில் அதே வேலையைச் செய்யும் வேறொரு பொருள் பூசப்பட்டிருக்கும்.

அவர் கவனித்திருக்க வேண்டியவை வேறு: முத்திரை உடையாத ஊசியை அவர் கண்முன்னே பிரித்தார்களா, ஒவ்வொருவருக்கும் கையுறையை மாற்றினார்களா, குழாயைத் தாங்கும் பிளாஸ்டிக் பிடியில் முந்தைய இரத்தக் கறை ஏதும் இருந்ததா என்பவை. அந்தப் பிடியையும் ஒருவருக்கு ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும். செலவைக் கருதிப் பல இடங்களில் அதைத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள் என்பதை எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அச்சத்தின் அளவைப் பற்றியும் அவரிடம் பேசினேன். நோயாளியின் உடலிலிருந்து அப்போதுதான் எடுத்த ஊசி மருத்துவப் பணியாளரைக் குத்திவிடும் நிலையில், அந்த நோயாளிக்கு எச்.ஐ.வி. இருந்தால் தொற்றும் வாய்ப்பு 1,000 குத்தல்களுக்கு ஏறத்தாழ 3. ஹெபடைடிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவர்களுக்கு அது 100க்கு 6 முதல் 30 வரை. அந்தக் கிருமி உடலுக்கு வெளியே, காய்ந்த இரத்தத்தில்கூட 7 நாள்களாவது உயிர்ப்போடு இருக்கும். எல்லோரும் எச்.ஐ.வி.க்கு அஞ்சுகிறார்கள்; கல்லீரலைத் தாக்கும் இதன் பெயரை என்னிடம் கேட்டவர்கள் மிகச் சிலரே.

இங்கேதான் பேனா வருகிறது. சர்க்கரை பரிசோதனை முகாம்களில் விரல் நுனியைக் குத்தப் பயன்படும் பேனா வடிவக் கருவியைச் சொல்கிறேன். கைநரம்பில் ஏறும் ஊசியை உற்றுப் பார்ப்பவர், முகாமில் விரலை நீட்டும்போது எதையும் கேட்பதில்லை. ஒரு சொட்டு இரத்தம்தானே என்ற அலட்சியம். உள்ளிருக்கும் சிறு ஊசியை ஒவ்வொருவருக்கும் மாற்றினாலும், விரலைத் தொடும் பேனாவின் முனையில் கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் ஒட்டியிருக்கலாம். அமெரிக்காவின் முதியோர் இல்லங்களில் இத்தகைய கருவிகளைப் பலருக்கும் பொதுவாகப் பயன்படுத்தியதால் ஹெபடைடிஸ் பி பரவிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. முகாம்களில் ஒருமுறை குத்தியதும் உள்ளே சுருங்கிக்கொள்ளும், மறுபடி பயன்படாத ஊசிகளே வேண்டும். அளவு காட்டும் கருவியையும் ஒவ்வொருவருக்குப் பின்னும் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். வீட்டில் அப்பாவும் அம்மாவும் ஒரே பேனாவைப் பகிர்வதும் கூடாது.

குத்திய ஊசி எங்கே போகிறது என்பதும் பார்க்க வேண்டியதே. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி, அது துளைக்க முடியாத வெள்ளைக் கொள்கலனுக்குப் போக வேண்டும். ஊசிக்கு மறுபடி மூடி போடும் பழக்கத்தால் பணியில் சேர்ந்த புதிதில் நானே என் விரலைக் குத்திக்கொண்டிருக்கிறேன். அப்படி நேர்ந்தால் இரத்தத்தைப் பிதுக்காமல், வாயில் வைக்காமல், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் அதை முடிந்தவரை சீக்கிரமாக, எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள்கள் உட்கொள்ள வேண்டும். இன்சுலின் ஊசியை வீட்டுக் குப்பையில் அப்படியே போடுபவர்கள், அதைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரை ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

அந்த இளைஞர் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டதில்லை என்று தெரியவந்ததால், மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். மூன்று தவணைகளில் முதலாவதை அன்றே போட்டுக்கொண்டார். சட்டைக் கையை மடித்தபடி செவிலியரிடம் அவர் முதலில் கேட்டது, "இது புது ஊசிதானே, சிஸ்டர்?" என்றுதான். அவரும் சிரித்துக்கொண்டே உறையை அவர் கண்முன்னே பிரித்தார்.